சீல் உடைத்த டிஸ்க்

“யாரும்மா இந்த டிஎன் 87? உனுக்குத் தெரியுமா?”

லோகேஷ் ஒருநாள் தென்றலைப் பார்த்து இப்படிக் கேட்டான். கேட்டதும் கடைக்குள் இருந்த ஏழெட்டுப் பையன்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. மூலையில் உட்கார்ந்து பழைய டிஸ்க்குகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், தெரியாது என்று தலையை ஆட்டினாள். ஆட்டிய வேகத்தில் ஜிமிக்கி கன்னத்தில் அடித்தது.

சுவரில் மாட்டியிருந்த டிவியில் ‘ஹைவே வுல்ஃப் 2’ என்கிற கார்ப் பந்தய விளையாட்டின் நேரப் பட்டியல் நின்றிருந்தது. முதல் பெயர் டிஎன் 87. இரண்டாவது லோகேஷ். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் மறுபடியும் டிஎன் 87.

அது ஸ்ரீபெரும்புதூர் ஆர்டிஓ ஆபீசில் வண்டிகளுக்குப் போடுகிற எண். ஆகவே ஆள் இந்தப் பக்கத்துக்காரன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கடைக்காரன் புருஷோத்தமன்தான் அது என்று பையன்கள் நினைத்தார்கள். பையன்களில் எவனோ ஒருவன் என்று புருஷோத்தமன் நினைத்தான். அவன் தங்கச்சி தென்றல் தினமும் காலையில் கடையைத் திறந்து பெருக்கி வாசலில் தண்ணீர் தெளிப்பாள். அண்ணன் குளித்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, விளக்குமாறு காலடியில் கிடக்க, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து அவள் ஓட்டுகிற ஓட்டம் அது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எப்படித் தோன்றும்? பதினொன்றாம் வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்து நின்றவள், ஒரு பீரியட் முழுக்க வாயே திறக்காமல் நின்றுவிட்டு, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகாதவள். கடைக்கு யாராவது வந்து “அண்ணா இல்லியா?” என்று கேட்டால் கையால் டீக்கடைப் பக்கம் காட்டுவாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

ஒரகடம் கூட்ரோட்டில், மேம்பாலம் இறங்குகிற இடத்தில், வரிசையாக ஆறு கடைகள். டீக்கடை, மெடிக்கல், சிக்கன் பக்கோடா, செருப்புக்கடை, பஞ்சர் கடை. ஆறாவது ‘புருஷு கேம்ஸ்’. சுற்றியிருக்கிற கார் கம்பெனி, டயர் கம்பெனி, போன் கம்பெனி எல்லாவற்றிலும் வேலை செய்கிற பேச்சிலர் பையன்கள்தான் கடைக்கு உயிர். ஒரு ரூமில் நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய கேம் பெட்டி. ரூமில் நெட் ஓடாது. டவுன்லோடு போட்டால் மூன்று நாள் ஆகும், அதற்குள் கரண்ட் போகும். அதனால் டிஸ்க்தான். விளையாடி முடித்த டிஸ்க்கைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு போகலாம். எடுக்கும் முன்னால் கடை டிவியில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம். புது டிஸ்க்குக்கு மட்டும் அது கிடையாது. சீல் உடைத்தால் அது செகண்ட்ஸ், பழைய சரக்கு. செகண்ட்ஸை ஒருவனும் முழு விலைக்குத் தொடமாட்டான்.

இரண்டு வருஷமாகத்தான் புருஷோத்தமனுக்கு இந்தச் சங்கடம். பையன்கள் வருவார்கள். ஒரு ரவுண்டு ஓட்டுவார்கள். “இது என் பெட்டில ஓடுமாண்ணா? கிராபிக்ஸ் எப்பிடிண்ணா?” என்று அரைமணி நேரம் அவன் மூளையைப் பிழிந்தெடுப்பார்கள். அப்புறம் வாசலில் நின்றே போனில் ஆர்டர் போடுவார்கள். ஆன்லைனில் முந்நூறு ரூபாய் குறைவு. எந்த பேங்க் கார்டுக்கு எந்த நாளில் தள்ளுபடி என்பதெல்லாம் லோகேஷுக்கு அத்துப்படி. சிங்கப்பெருமாள் கோவில்காரன். கார் கம்பெனியில் கதவு மாட்டுகிற லைனில் இருக்கிறான். ரூம் ரூமாகப் போய் அத்தனை பேருக்கும் ஆர்டர் போடக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. பேச்சிலர் ரூம்களுக்கு விலாசம் கிடையாது. வேலைக்குப் போய்விட்டால் பார்சல் வாங்க ஆளும் கிடையாது. அதனால் அத்தனை பேரும் ஆர்டரில் கொடுக்கிற விலாசம் ‘புருஷு கேம்ஸ் கடை, கூட்ரோடு, ஒரகடம்’. கூரியர்காரன் டில்லிபாபு பார்சல் மூட்டையோடு வந்து நிற்பான். தன் வியாபாரத்தைக் கெடுக்கிற பெட்டியைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கி, மழையில் நனையாமல் கவுண்டருக்கடியில் அடுக்கி வைத்து, ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பான் புருஷோத்தமன்.

“வாணாம்னு சொல்லேன்டா,” என்பாள் அம்மா சந்திரம்மாள்.

“எப்பிடிம்மா சொல்றது? பாவம், நம்பி அட்ரஸ் குடுத்துகீறானுங்க.”

“நீ இப்பிடியே பாவம் பாத்துகினு இரு. கோதண்டராமன் வந்து ஷட்டர இஸ்த்து மூடிட்டுப் போவப் போறாரு.”

அவள் சொன்னது சும்மா சொன்னதில்லை. ஆறு கடைக்கும் சொந்தக்காரர் கோதண்டராமன். அந்த ஐப்பசியில் அவரை ஒரு கூரியர் கம்பெனி ஆள் வந்து பார்த்திருந்தான். பார்சல் இறக்கி வைக்க ரோட்டோரமாக ஓர் இடம் வேண்டும், புருஷு கேம்ஸ் இருக்கிற இடம் தோதாக இருக்கிறது, எப்படியும் பாதிப் பார்சல் அங்கேதான் வருகிறது என்றானாம். அவர் நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காத. உன் கடைல ஆளு நிக்குது, வியாபாரம் நிக்கல. எனக்கு வர்றவன் வாடகையும் ஜாஸ்தியா தர்றேன்றான்.”

புருஷோத்தமனுக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. “பெரியப்பா, கார்த்திகைல ‘ஹைவே வுல்ஃப் 3’ வருது. இந்தப் பசங்க ரெண்டு வருஷமா அதுக்காகத்தான் காத்துகினு கீறானுங்க. மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லி இருபத்தஞ்சு டிஸ்க் எடுக்கறேன். ரிலீஸ் அன்னிக்கு வெள்ளிக்கெழம. சாயந்தரம் நீங்களே வந்து பாருங்க. இருபத்தஞ்சும் போச்சுனா கடை எனுக்கு. ஒண்ணு நின்னாலும் சாவிய நானே குடுத்துடறேன்.”

“ஒண்ணு நின்னாலும்னு நீதான் சொல்ற. நான் சொல்லல,” என்றார் கோதண்டராமன். வார்த்தைக்கு வார்த்தை கணக்காகப் பிடிக்கிற மனுஷர்.

தென்றல் மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். டிஸ்க் துடைக்கிற துணியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்தக் கடை போனால் அண்ணன் எங்கேயாவது கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்துவிடுவான். அம்மா ஏற்கெனவே ஒரு கம்பெனி கேன்டீனில் அண்டா கழுவுகிறாள். சோற்றுக்குக் குறைவிருக்காது. ஆனால் காலையில் அந்த முக்கால் மணி நேரம்? அது எங்கே போகும்?

* * *

தென்றலுக்கு வேலை மண்ணூர்ப் பக்கம் ஓர் ஆன்லைன் கம்பெனியின் குடோனில். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொடங்குகிற ஷிப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டு, செக்யூரிட்டியிடம் கை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனால், ஓர் ஊரையே கூரை போட்டு மூடியது மாதிரி இருக்கும். அவள் பேக்கிங் டேபிள். பெல்ட்டில் வருகிற பொருளை எடுக்க வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும், அட்டையை மடித்து உள்ளே வைத்து டேப் ஒட்ட வேண்டும், பிரின்டரில் வருகிற லேபிளை மேலே ஒட்டித் தள்ள வேண்டும். பேச வேண்டியதே இல்லை. முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்: “பெட்டிக்குள்ள இன்னா கீது, யாருக்குப் போவுது, எப்ப போவுதுன்னு வெளில யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது.” மற்ற பெண்களுக்குக் கஷ்டமான அந்தச் சட்டம் தென்றலுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

ரிலீசுக்கு முதல் நாள் வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை விடவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்து டேபிள் ஷெர்லின் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

பெல்ட்டில் முதல் ‘ஹைவே வுல்ஃப் 3’ வந்தது. தென்றலுக்கு நெஞ்சு குதித்தது. அட்டையில் சேறு தெறிக்க ஒரு சிவப்புக் கார், பின்னால் மின்னல். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். புதுசாகப் பன்னிரண்டு ரோடு. மழை ரோடு கூட இருக்கிறது! ஸ்கேன் செய்தாள். பிரின்டர் லேபிளைத் துப்பியது.

‘மாரி. புருஷு கேம்ஸ் கடை, கூட்ரோடு, ஒரகடம்.’

அடுத்தது. ‘புருஷு கேம்ஸ் அருகில்.’ அடுத்தது. ‘புருஷு கேம்ஸில் கொடுக்கவும்.’ அடுத்தது. அடுத்தது.

“ஏய் தென்றலு, இன்னாடி இது?” ஷெர்லின் எட்டிப் பார்த்தாள். “உங்க அண்ணன் கடைக்கே லோடு போவுது? அவரே ஆன்லைன்ல வாங்கி விக்கிறாரா?”

தென்றல் இல்லை என்று தலையாட்டினாள்.

“ஐயையோ. அப்ப கஸ்டமருங்களா? இவ்ளோ பேருமா? அடிப்பாவி, உங்க அண்ணன் தலைல கல்லு விழுவுது, நீ அதுக்கு டேப் ஒட்டிகினு கீற!”

முப்பத்தொரு பெட்டி. தென்றல் எண்ணினாள். ஒரு லேபிளை மாற்றி ஒட்டினால் போதும், பெட்டி திண்டுக்கல்லுக்குப் போய்விடும். கை ஒரு நொடி நின்றது. பிறகு பபிள் ஷீட்டை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி, மூலை மடங்காமல், டேப் சுருங்காமல், லேபிளை நேராக ஒட்டினாள். இது அந்தப் பையன்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசிக் காத்திருக்கிற பொருள். அதன் மூலை நசுங்கினால் அவளுக்கே பொறுக்காது.

ஷிப்ட் முடிந்து போகும்போது லாரியில் ஏற்றுகிற மேடையைப் பார்த்தாள். பெட்டிகளை அடுக்கிய கம்பிக்கூண்டு அங்கேயே நின்றது. பைபாஸில் தண்ணீர் ஏறியதால் லாரி வரவில்லையாம். லாரி வந்தாலும் பெட்டிகள் நேராக ஒரகடம் போகாது. மெட்ராஸ் தாண்டிப் போய்ப் பிரித்து, திரும்ப ஸ்ரீபெரும்புதூர் வந்து, அப்புறம்தான் டில்லிபாபுவின் மூட்டைக்கு வரும். திங்கட்கிழமைக்கு முன்னால் வராது. ஷேர் ஆட்டோவில் போனால் முக்கால் மணி நேரத்து இடம்!

கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு அவளுக்கு வீக் ஆஃப். நாளைக்குப் பெட்டிகள் வராது. அது இந்த ஒரகடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொல்லவும் கூடாது.

* * *

வெள்ளிக்கிழமை காலை புருஷோத்தமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தான்.

“சாப்ட்டுப் போடா. கருவாட்டுக் கொழம்பு வெச்சுகீறேன்,” என்றாள் சந்திரம்மாள்.

“கையெல்லாம் கவுச்சி அடிக்கும்மா. டிஸ்க் எடுத்துக் குடுக்கணும்.”

“ஆமா, டிஸ்க்க மோந்து பாத்துதான் வாங்கப் போறானுங்க. துன்னுட்டுப் போ.” அவன் போனதும் தென்றலிடம் திரும்பினாள். “நீயாச்சும் துன்னு. நேத்துலேந்து மூஞ்சியே செரியில்ல. இன்னாடி?”

தென்றல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“பேசினாதான் இன்னா, காசா கேக்கறாங்க?” என்றாள் அம்மா. மழையில் நனைந்து பையன்கள் வருவார்கள் என்று வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்து ஒரு தூக்கு நிறையக் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

மத்தியானம் மூன்றரைக்குக் கம்பெனி பஸ்கள் மேம்பாலத்தின் கீழே வந்து நின்றன. யூனிபார்ம் நனைய நனையப் பையன்கள் ஓடி வந்தார்கள். பத்து, இருபது, முப்பது பேர். கடை கொள்ளவில்லை. பாதிப் பேர் வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கடியில் நின்றார்கள். கண்ணாடிக்கு அடியில் இருபத்தைந்து ‘ஹைவே வுல்ஃப் 3’ பளபளவென்று அடுக்கி இருந்தது. ஒவ்வொருவனும் குனிந்து பார்த்தான். “மெர்சலா கீதுண்ணா!” என்றான். அப்புறம் நிமிர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டான்.

“அண்ணா, பார்சல் வந்துச்சா?”

“இன்னும் வர்லப்பா,” என்றான் புருஷோத்தமன். வெள்ளைச் சட்டையில் வேர்வை இறங்கியது. “குந்துங்க, வந்துரும். கடல துன்னுங்க.”

தென்காசிப் பக்கத்து மாரிக்கு டயர் கம்பெனியில் வேலை. கடலையை வாயில் போட்டுக்கொண்டே போனைப் பார்த்தான். “இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துருமின்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி. இந்தா வாரேன் இந்தா வாரேன்னு மதியத்துல இருந்து சொல்லுதான்.”

“வரும் வரும்,” என்றான் லோகேஷ். “நான் ரெண்டு நாள் முன்னாடியே போட்டேன். என்னுது பெங்களூர் குடோன்லேந்து வருது.”

அந்த நேரம் பார்த்துக் கோதண்டராமன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்ணாடிக்கு அடியில் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். இருபத்தைந்தும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

“ரேக் போடணுமாம், அளவு கேட்டான். தம்பி, இந்த முனைய கொஞ்சம் புடி.”

புருஷோத்தமன் பிடித்தான். தன் கடையின் நீளத்தை அளக்கிற டேப்பின் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பையன்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

தென்றல் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். காது இரண்டும் கொதித்தன. எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி ஒரு டிஸ்க்கை எடுத்தாள். ஒரு நாளைக்கு நானூறு பெட்டி ஒட்டுகிற கை. பிளாஸ்டிக் எங்கே கிழியும் என்று அதற்குத் தெரியும். கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு. சர்ரென்று உறை உரிந்தது.

“ஏய்! பாப்பா! இன்னா பண்ற!” டேப்பை விட்டுவிட்டு ஓடி வந்தான் அண்ணன். டேப் சுருண்டு கோதண்டராமன் விரலில் அடித்தது. “சீல் ஒடைச்சா செகண்ட்ஸுடி அது! பைத்தியமா உனுக்கு?”

தென்றல் டிஸ்க்கை டிவிக்குக் கீழிருந்த கேம் பெட்டிக்குள் தள்ளினாள். டிவியில் ஒரு நீலக்கோடு மெதுவாக ஊர ஆரம்பித்தது. விளையாட்டு முழுக்க உள்ளே ஏறி முடிக்க வேண்டும். ஐந்து சதவீதம். பையன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவியையே பார்த்து நின்றாள்.

“தங்கச்சி சூடாயிருச்சுல,” என்றான் மாரி.

“அண்ணா, ரிமோட்டு யாராண்ட? சவுண்டு வையி!”

“தள்ளுடா, மறைக்குது!”

நாற்பது. எழுபது. வாசலில் நின்றவர்களும் உள்ளே நெருக்கினார்கள். செருப்புக்கடைக்காரர் வந்துவிட்டார். பஞ்சர் கடையில் டயர் மாட்ட வந்தவன் மாட்டாமலே வந்துவிட்டான். நூறு. திரை இருண்டு, இடி இடித்து, அந்தச் சிவப்புக் கார் சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. “ஓ...” என்று நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

‘உங்கள் பெயர்?’ என்று கேட்டது திரை.

தென்றல் கன்ட்ரோலரை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். டி. என். எட்டு. ஏழு.

“டேய்,” என்றான் யாரோ மெல்ல.

“அட என் சாமி! டிஎன் 87 நம்ம தங்கச்சிதாம்ல!” என்று மாரி தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்த கூச்சலில் டீக்கடை கண்ணாடி அலமாரி அதிர்ந்திருக்கும். புருஷோத்தமன் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் கண் ஒருமுறை மூலையில் கிடந்த விளக்குமாற்றுக்குப் போய்த் திரும்பியது.

லோகேஷ் முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது. இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தான். “மழ ரோடு போடு,” என்றான்.

திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே அவள், கீழே அவன். மூன்று, இரண்டு, ஒன்று!

அதற்குப் பிறகு தென்றலின் கண்ணில் யாரும் இல்லை. கூட்டம் இல்லை, கோதண்டராமன் இல்லை. ரோடு மட்டும்தான். முதல் வளைவில் லோகேஷ் முந்தினான். நல்ல ஓட்டக்காரன். ஆனால் எப்போதும் வளைவுக்கு முன்னால் பிரேக்கைக் கொஞ்சம் சீக்கிரம் தொட்டுவிடுவான். எட்டு மாதமாக மூலையில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

“டேய், அந்தக் கார் கதவ பாருடா, நம்ம லைன்ல மாட்டற கதவு மாதிரியே கீது!”

“ஆடாத லோகேசு, தண்ணில ஏத்தாத!”

“பாப்பா, ரைட்டுல லாரி! ரைட்டுல லாரி!” இது புருஷோத்தமன். சீல் உடைந்ததையே மறந்துவிட்டான்.

“அடிச்சுத் தூக்கு தங்கச்சி!”

ரோட்டை மறித்துத் தண்ணீர் தேங்கிய ஓர் இடம். லோகேஷ் சுற்றிப் போனான். தென்றல் நேராக விட்டாள். திரை முழுக்கத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை, எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சேற்றுக்குள்ளிருந்து சிவப்பு மூக்கு வெளியே வந்தது. கடைசி வளைவு. லோகேஷ் பிரேக்கைத் தொட்டான். அவள் தொடவில்லை.

அரைக் கார் தூரம். அதில்தான் ஜெயித்தாள்.

அந்தக் கத்தலில் கோதண்டராமனும் “அப்பிடிப் போடு!” என்று இஞ்ச் டேப்போடு கையைத் தூக்கிவிட்டார். தூக்கிய கையை உடனே இறக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மாரி கவுண்டரைத் தட்டினான். “அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு எடுங்க. ஆர்டரக் கேன்சல் அடிச்சிட்டேன். நாளைக்கு ஷிப்டு கெடையாது. விடிய விடிய மழைய வேடிக்க பாக்கவா சொல்லுதிய?”

“முந்நூறு ரூவா ஜாஸ்திடா மாரி,” என்றான் ஒருவன்.

“முந்நூறு ரூவாய்க்கு எவம்ல இப்பிடி ரேஸு காட்டுவான்? பொட்டிக்குள்ள வச்சா அனுப்புவான்?”

ஒருவன் கேன்சல் போட்டான். இன்னொருவன் போட்டான். அந்த நேரத்தில் எல்லோர் பாக்கெட்டிலும் போன்கள் டிங் டிங் டிங் என்று ஒன்றாகக் கத்தின. மழையால் பார்சல் தாமதம், திங்கட்கிழமை வரும் என்று செய்தி. கடையே சிரித்தது. தென்றல் குனிந்து உள்ளங்கை வேர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். புருஷோத்தமனுக்கு இரண்டு கை போதவில்லை. பெட்டி எடுக்கிறான், போனில் பணம் விழுந்ததா என்று பார்க்கிறான், கவர் கொடுக்கிறான், மறுபடி பெட்டி. கிடைக்காதவர்கள் நாளைக்கு எடுத்துவரச் சொல்லிப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

கூட்டம் தள்ளிக்கொண்டு இருக்கும்போதே ரெயின்கோட் சொட்டச் சொட்ட டில்லிபாபு வந்தான். “லோகேஷ்! பெங்களூர் பார்சல் ஒண்ணே ஒண்ணு.” லோகேஷ் வாங்கி, அட்டையைப் பிய்த்து, உள்ளேயிருந்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

டில்லிபாபு திரையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். “நானும் நாலு வருஷமா இத்த தூக்கிகினு சுத்தறேன் அண்ணாத்த. ஒருநாளும் பிரிச்சுப் பாத்ததில்ல. என் மச்சானாண்ட பொட்டி கீது. எனுக்கும் ஒண்ணு குடு.”

புருஷோத்தமன் கண்ணாடிக்கு அடியில் கை விட்டான். காலி. கவுண்டர்மேல் இருந்தது ஒன்றே ஒன்று. தென்றல் சீல் உடைத்தது.

“இதுவா?” டில்லிபாபு முகம் சுண்டிவிட்டது. “ஊருக்கெல்லாம் சீல் போட்டதா தூக்கறேன். மொத மொத எனுக்குன்னு வாங்கசொல்ல, சீல் ஒடைச்சதா? வாணாம் அண்ணாத்த. நாளிக்கி புச்சு வந்தா வாங்கிக்கறேன்.”

“டிஸ்க்கு புதுசுதாம்பா. ஒரு ரவுண்டுதான் ஓடிச்சு,” என்றான் புருஷோத்தமன். குரல் இறங்கியது.

கோதண்டராமன் குடையை எடுத்துக்கொண்டார். அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் சொன்னார். “இருபத்திநாலு போச்சு தம்பி. பெரிய விஷயம்தான். ஆனா ஒண்ணு நின்னாலும்னு நீதான் சொன்ன.”

தென்றல் கவுண்டர்மேல் கிடந்ததைப் பார்த்தாள். அந்த ஒன்று அவள் கையால் நின்றது. உடைக்காமல் இருந்திருந்தால் இருபத்தைந்தும் நின்றிருக்கும், அது உண்மைதான். ஆனால் இப்போது கண்ணுக்கு முன்னால் நிற்பது அந்த ஒன்றுதான். உறை கிழிந்து, மூலையில் அவள் நகம் பட்ட கீறலோடு.

சுவரோரத்திலிருந்து லோகேஷ் வந்தான். தன் கையிலிருந்த சீல் பிரிக்காத பெட்டியை டில்லிபாபுவின் நனைந்த கையில் வைத்தான். கொஞ்சம் முன்னால் டில்லிபாபுவே கொண்டுவந்து கொடுத்த அதே பெட்டி. பிறகு கவுண்டர்மேல் இருந்த சீல் உடைத்ததைத் தனக்கு என்று கை காட்டினான். டில்லிபாபு விழித்துவிட்டுப் புருஷோத்தமனைப் பார்த்தான். புருஷோத்தமன் கோதண்டராமனைப் பார்த்தான். அவர் நெற்றியைச் சொறிந்தார். மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

“எக்ஸ்சேஞ்சு உன் கடை வழக்கம்தான?” என்றார் கடைசியில்.

“ஆமா பெரியப்பா.”

“அப்ப போச்சு. இருபத்தஞ்சும் போச்சு.” இஞ்ச் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டார். “டேய் தம்பி, அந்தக் கடலையில கொஞ்சம் இங்க தள்ளு.”

டில்லிபாபு கவுண்டர்மேல் பணத்தை வைத்துவிட்டு, சீல் பிரிக்காத பெட்டியை ரெயின்கோட்டுக்குள் செருகிக்கொண்டான். கூச்சல் மறுபடி கிளம்பியது. யாரோ புருஷோத்தமனைத் தூக்கப் பார்த்தார்கள்.

லோகேஷ் கவுண்டர்மேல் கிடந்த சீல் உடைத்த பெட்டியை எடுத்தான். கிழிந்த உறை காற்றில் படபடத்தது. டிவிக்குக் கீழிருந்த கேம் பெட்டியிலிருந்து டிஸ்க்கை எடுத்து, விளிம்பைப் பிடித்து அதற்குள் வைத்து, ‘டக்’ என்று மூடினான். தென்றலைப் பார்த்தான். டிஎன் 87 யார் என்று கேட்டவன் இப்போது எதையும் கேட்கவில்லை. தெரியாது என்று தலையாட்டியவள் இப்போது தலையைக் குனியவும் இல்லை.

மேம்பாலத்தின் கீழே சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. லோகேஷ் பெட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, மழைக்குள் இறங்கிப் போனான்.